கூரை வேயப்படாத தோங்கெதெக் கோட்டை

பிரான்சின் வடமேற்கு மூலையில் உள்ள பிரெத்தாஞ் பகுதியில் இடைக்காலக் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள், ஒரு கோட்டை எவ்வாறு கட்டப்பட்டது, முற்றுகையின்போது அதன் ஒவ்வோர் உறுப்பும் எதற்குப் பயன்பட்டது என்பதைக் கண்ணால் கண்டு புரிந்துகொள்ள விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, லன்னியோன் நகருக்குத் தென்கிழக்கே லெகேர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் தோங்கெதெக் கோட்டையின் இடிபாடுகளைத்தான். இங்கே கூரை இல்லை, மரத்தளம் இல்லை, அறைக்கலன்கள் எதுவும் இல்லை. அந்த இன்மைதான் இக்கோட்டையின் பெருஞ்சிறப்பு என்பது என் உறுதியான கருத்து.

கோட்டைக்கு இடம் தேர்ந்தவர்களின் மதிநுட்பத்தை, உள்ளே நுழைவதற்கு முன்பே உணரலாம். பள்ளத்தாக்கை நோக்கி நீண்டிருக்கும் மேட்டு முனை ஒன்றில் அது அமைந்திருப்பதால், ஆற்றுப் பக்கத்துச் செங்குத்தான சரிவே பாதி மதிலின் வேலையைச் செய்துவிடுகிறது. எதிரி பெரும்படையுடனும் முற்றுகைக் கருவிகளுடனும் வரக்கூடிய வழி மேட்டு நிலத்தின் பக்கம் மட்டுமே என்பதால், கட்டியவர்கள் தங்கள் கவனத்தை அங்கே குவித்தார்கள். முதலில் வெளிமுற்றம், அதைக் கடந்தால் வாயிற்காப்பு, அதன் பின்னர் உள்முற்றம் என்று அடுத்தடுத்து அமைந்திருப்பதால், ஒன்றை இழந்தாலும் அடுத்ததில் நின்று போரிட முடியும். இந்த வரிசையில் நடந்தே செல்ல முடிகிறது என்பது, எந்த வரைபடமும் தராத தெளிவைத் தருகிறது.

கோட்டைக்கு மொத்தம் 11 காவற்கோபுரங்கள். உருண்டை வடிவக் கோபுரம் ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் இடிபாட்டின் அருமை விளங்குகிறது. தளங்களைத் தாங்கிய உத்திரங்கள் அழிந்துவிட்டன. அவை செருகப்பட்டிருந்த குழிகள் சுவரில் வரிசையாகத் தெரிகின்றன. எங்கும் ஏறிப் போக வழியில்லாத உயரத்தில் கணப்படுப்பு ஒன்று தன் கருங்கல் முகப்புடன் அப்படியே நிற்கிறது, அதற்கு மேலே இன்னொன்று. ஒவ்வொரு கணப்படுப்பும் ஒரு மாடியைக் குறிக்கிறது என்பதை உணர்ந்தவுடன், வெறும் சுவர் அறைகளாகப் பிரிந்து மனத்தில் எழுந்துவிடுகிறது. வெட்டி வைத்த பழத்தைப் போல உட்புறம் முழுவதும் திறந்து கிடக்கும் இந்தக் காட்சியை, செப்பனிட்டு மூடிய கோட்டைகளில் ஒருபோதும் பெற முடியாது.

தலைமைக் கோபுரத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். மற்றக் கோபுரங்களைப் போல மதிலோடு இணையாமல், அது விலகித் தனித்து நிற்கிறது. சுவர்களின் தடிமன் சுமார் 4 மீட்டர். தரைமட்டத்தில் வாயில் வைக்காமல், மேல்தளத்துக்கு மதிலிலிருந்து தூக்குப்பாலம் வழியாகச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். முற்றங்கள் இரண்டும் வீழ்ந்துவிட்டாலும், பாலத்தைத் தூக்கிவிட்டால் எஞ்சியவர்கள் இதற்குள் நின்று தாக்குப்பிடிக்கலாம். கடைசிப் புகலிடம் என்ற எண்ணம் இவ்வளவு நேரடியாகக் கல்லில் வடிக்கப்பட்டிருப்பதை நான் வேறெங்கும் இத்தனை தெளிவாகக் கண்டதில்லை. மேலே ஏறினால் காடு அடர்ந்த பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குள் அடங்குகிறது.

இப்போது காண்பது இங்கே எழுந்த முதல் கோட்டை அன்று. முதல் கோட்டையைக் கட்டிய கொவெத்மென் குடும்பத்தார், பிரெத்தாஞ் கோமகன் நான்காம் ழானுக்கும் பிரெஞ்சு அரசின் தலைமைப் படைத்தலைவராக இருந்த ஒலிவியே த கிளிசோனுக்கும் இடையே மூண்ட நெடும்பகையில் கிளிசோனின் பக்கம் நின்றார்கள். அதன் விலையாக 1395-இல் கோமகனின் ஆணைப்படி கோட்டை இடிக்கப்பட்டது. கோமகன் 1399-இல் இறந்த பின்னர், 1406 முதல் அதே குடும்பம் அதே இடத்தில் மீண்டும் கட்டத் தொடங்கியது. தண்டனையாக இடிக்கப்பட்ட இடத்திலேயே இத்தனை தடித்த சுவர்களை எழுப்பியதில், பாதுகாப்பைத் தாண்டி மானத்தை மீட்கும் வேகமும் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு 1577-இல், பிரான்சு முழுவதும் மதப்போர்களால் அலைக்கழிந்துகொண்டிருந்த காலத்தில், பீரங்கிகளுக்கு ஏற்பக் கோட்டை மாற்றியமைக்கப்பட்டது. அம்பெய்வதற்குக் குறுகிய செங்குத்துத் துளை போதும். பீரங்கியையோ அகன்ற வாயுள்ள திறப்பில்தான் இடமும் வலமும் திருப்ப முடியும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு சுவர்களைப் பார்த்தால் பல திறப்புகளின் காரணம் பிடிபடும். 1622-இல், பதின்மூன்றாம் லூயி மன்னரின் ஆட்சியில், இனி யாரும் இதற்குள் இருந்து அரசை எதிர்க்கக் கூடாது என்பதற்காகக் கோட்டை மீண்டும் சிதைக்கப்பட்டது. பிரெஞ்சு அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது 1862-இல். உடைமை இன்றும் தனியாரிடமே இருக்கிறது.

பிரெத்தாஞ்சின் தென்கரையில் உள்ள சுசினியோ கோட்டையோடு இதை ஒப்பிடுவது பயனுள்ளது. கோமகன்களின் உறைவிடமாக இருந்து பின்னர் பாழடைந்த அதனை, மொர்பிகான் மாவட்ட நிர்வாகம் 1965-இல் வாங்கிக் கூரையும் தளங்களும் அமைத்துச் சீராக்கியது. இடைக்கால வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் குடும்பங்களுக்கும், சிறுவர்களை அழைத்துச் செல்வோருக்கும் சுசினியோவே பொருத்தம். கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது ஒரு முடிவான விடையைக் கொடுக்கிறது. தோங்கெதெக்கோ சுவரின் தடிமன், உத்திரக் குழி, கணப்படுப்பு என்று சான்றுகளை மட்டும் முன்வைத்து, விடையை நம்மிடமே விடுகிறது. நான் இரண்டாவதையே விரும்புகிறேன்.

செல்ல நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். கோட்டை ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. நுழைவுக் கட்டணமும் உண்டு. ஆகவே நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது நல்லது. மழை அடிக்கடி பெய்யும் பகுதி என்பதால், தேய்ந்த கற்படிகளில் வழுக்காத காலணி அவசியம். முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் கோபுரங்களில் ஏறுவது இயலாது. எனினும் முற்றத்திலிருந்தே கணப்படுப்புகளையும் சுவர்களையும் நன்றாகப் பார்க்க முடியும். நேரம் இருந்தால் முதலில் மதிலின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னர் முற்றங்களைக் கடந்து, தலைமைக் கோபுரத்தைக் கடைசியாகப் பாருங்கள். முற்றுகையிட்டவர்கள் எதிர்கொண்டிருக்கக்கூடிய தடைகளின் வரிசையும் அதுவே.