கிழக்கே கோட்டை சி.வி.என். களரி: வாள்வீச்சுக்கு முன்பே போய்விடுங்கள்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். 1956-இல் கோவிந்தன்குட்டி நாயர் தொடங்கிய களரி, அதாவது கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயற்றின் பயிற்சிக்கூடம் இது. காலைப் பயிற்சியை வெளியாட்கள் மேலிருந்து பார்க்கலாம். நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாளும் கேடயமும் வரும் நேரத்துக்குப் போனால் போதும் என்று நினைத்தால் முக்கியமானது போய்விடும்.

களரியின் மரபு அளவு 42 அடிக்கு 21 அடி. தரைமட்டத்திலிருந்து மூன்றரை, நான்கு அடி பள்ளம். வாசல் கிழக்கே. மாணவர் வலதுகாலை வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார். அடுத்து தென்மேற்கு மூலை, அதாவது கன்னிமூலை. களரித் தெய்வத்துக்கான மேடையான பூத்தறை ஏழு படிகளோடு இருப்பது அங்கேதான். பக்கத்தில் முன்னோரான ஆசான்களுக்குக் குருத்தறை. இரண்டையும் வணங்கி, குருக்களின், அதாவது களரி ஆசானின் காலைத் தொட்ட பிறகே பயிற்சி.

இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பூத்தறையைப் பார்த்துச் செய்யும் வணக்க அடவே முழு உடற்பயிற்சி: தாழ்ந்து அமர வேண்டும், அமர்ந்தபடியே திசை மாற வேண்டும், பார்வை எதிரே நிலைத்திருக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கண் தரைக்கு இறங்கியதும் முதுகு வளைகிறது, முதுகு வளைந்ததும் வீசிய கால் பாதி உயரத்தில் நின்றுவிடுகிறது. தாழ்ந்த நிலையில் முழங்கால் பாதத்தின் திசையை விட்டு உள்ளே சாய்ந்தால் மூட்டுவலி வரலாம். பக்தியோடு எதிரே பார்க்கப் பழகியவருக்கு முதல் பிழை தானாகவே குறைகிறது. இரண்டாவதைக் குருக்கள்தான் திருத்த வேண்டும்.

சாமி நம்பிக்கை இல்லாதவர் என்ன செய்வது? கேரளத்தில் முஸ்லிம் ஆசான்களும் களரி நடத்தியிருக்கிறார்கள். யாரை வணங்குவது என்பது மாறலாம், வணங்காமல் ஆயுதத்தைத் தொடுவது கிடையாது. அந்த அடக்கம் இல்லாத கையில் வாளைக் கொடுப்பது ஆபத்து.

சுற்றுலாப் பயணிகளுக்காக மேடையில் நடத்தும் காட்சிகளில் பூத்தறை வெறும் அலங்காரமாகிவிடுகிறது. சிமெண்ட் தரையில் குதிப்பது குதிகாலுக்கும் கேடு. காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்ததல்ல.

சேர விரும்புகிறவர்கள் ஒரு வாரத் திட்டத்தோடு வராதீர்கள். முதலில் உடற்பயிற்சியான மெய்த்தாரி, உடல் பணிந்த பிறகு மர ஆயுதங்களுக்கான கோல்தாரி, அதற்கும் பிறகுதான் உலோக ஆயுதங்களுக்கான அங்கத்தாரி. பழைய காயமோ மூட்டுவலியோ இருந்தால் சேரும்போதே சொல்லிவிடுங்கள். உழிச்சல் என்ற எண்ணெய் மசாஜும் மருத்துவமும் இங்கேயே உண்டு.