உலையோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு ஆன்லைன் கோர்ஸ்

தொழிற்சாலை உலைகள், பர்னர்கள், வெப்பக் கட்டுப்பாடு பற்றிய ஆறு வார ஆன்லைன் கோர்ஸ் ஒன்றைச் சமீபத்தில் முடித்தேன். ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில், அதாவது உலோகப் பொருள்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும் கூடத்தில், கேஸ் உலைகளைப் பராமரிப்பது என் வேலை. சேரலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினமும் உலைப் பக்கம் நிற்பவர் என்றால் தாராளமாகச் சேரலாம். இரண்டாவது, மூன்றாவது வாரப் பாடங்களுக்காகவே சேரலாம்.

முதல் வாரம் வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீச்சு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே என்று வேகமாக ஓட்டிவிடத் தோன்றும். கதிர்வீச்சுப் பகுதியை மட்டும் ஓட்டாதீர்கள். கதவைத் திறந்து வைத்தால் எவ்வளவு வெப்பம் போகும் என்று அங்கே கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். உலைக்குள் 927 டிகிரி செல்சியஸ் இருந்தால், அதாவது 1200 கெல்வின், ஒரு சதுர மீட்டர் திறப்பு வழியாக ஏறக்குறைய 118 கிலோவாட் வெளியே போகிறது. 200 டிகிரி கூட்டினால் அதுவே 218 ஆகிவிடுகிறது. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடும் என்று புத்தகத்தில் படித்தபோது மண்டையில் ஏறாதது இந்த இரண்டு எண்களில் ஏறிவிட்டது. சார்ஜ், அதாவது சூடாக்க வேண்டிய பொருள், ஏற்றும்போது கதவைப் பாதி தூக்கியபடியே நின்று பேசும் வழக்கம் எங்கள் ஷாப்பில் இருந்தது. இந்தக் கணக்கை எழுதிக் காட்டிய பிறகு யாரும் அப்படி நிற்பதில்லை.

இரண்டாவது வாரம் வெப்பச் சமநிலை. கோர்ஸின் உயிர் இதுதான். எரிக்கிற கேஸின் வெப்பத்தில் பொருளுக்குள் போவது எவ்வளவு, சுவர் வழியாக எவ்வளவு, கதவு வழியாக எவ்வளவு, புகையோடு எவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும். வெப்பம் மீட்கும் ஏற்பாடு எதுவும் இல்லாத கேஸ் உலையில், புகை 1100 டிகிரியில் வெளியேறினால், போட்ட வெப்பத்தில் பாதிக்கும் மேல் புகைபோக்கி வழியாகவே போய்விடுகிறது. உள்ளே எவ்வளவு நல்ல ஃபயர் பிரிக் (வெப்பம் தாங்கும் செங்கல்) கட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. ரெகுப்பரேட்டர் வைத்து, அதாவது வெளியேறும் புகையின் வெப்பத்தைக் கொண்டே, எரிகாற்றைச் சூடாக்க ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

இதற்கான வீட்டுப்பாடத்தை உங்கள் உலையின் எண்களை வைத்தே செய்யலாம். அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகத் தரும் மெஷர் (MEASUR) என்ற மென்பொருளில் எண்களைக் கொடுத்தால் இழப்புகளைத் தனித்தனியாகக் காட்டிவிடுகிறது. முன்பு ஃபாஸ்ட் (PHAST) என்று இருந்த கருவியின் வேலையை இப்போது இது செய்கிறது. கோர்ஸில் சேராதவர்களும் இதை இறக்கிப் பார்க்கலாம்.

ஆசிரியர் இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். இயற்கை எரிவாயுவில் புகையில் 3 சதவீத ஆக்சிஜன் இருந்தால் உபரிக் காற்று, அதாவது எரிவதற்குத் தேவையானதற்கு மேல் போகும் காற்று, சுமார் 15 சதவீதம். புகையை அளக்கும் அனலைசரில் ஆக்சிஜன் 6 சதவீதம் காட்டுகிறது என்றால் உடனே பர்னர் காற்றைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். பொறுங்கள், முதலில் உலையின் அழுத்தத்தைப் பாருங்கள் என்கிறார். புகைபோக்கியின் டேம்பர் (புகை போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) அதிகமாகத் திறந்து உள்ளே அழுத்தம் குறைந்திருந்தால், கதவு இடுக்கு வழியாக வெளிக்காற்று இழுக்கப்படும். அனலைசர் காட்டும் ஆக்சிஜனில் ஒரு பகுதி அப்படி நுழைந்தது. அது தெரியாமல் பர்னர் காற்றைக் குறைத்தால் சுடருக்குக் காற்று பற்றாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அழுத்தத்தைச் சரிசெய், அப்புறம் காற்றைத் தொடு. இந்த வரிசையை இவ்வளவு தெளிவாக எனக்கு வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மூன்றாவது வாரம் அளவீடு. கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்து வெப்பநிலையை அளக்கும் கருவி) எப்படிக் கெட்டுப்போகிறது என்பதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள், ஒதுக்க வேண்டியதுதான். ஆக்சிஜன் குறைந்த சூழலில், சுமார் 800 முதல் 1050 டிகிரி வரை, அதன் பாசிட்டிவ் கம்பியில் இருக்கும் குரோமியம் மட்டும் தனியாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கம்பி பச்சை நிறம் ஏறிப் பொடிந்துபோகும். அதற்கு முன்பே தெர்மோகப்பிள் குறைவாகக் காட்ட ஆரம்பித்துவிடும். கன்ட்ரோலர் சூடு போதவில்லை என்று நினைத்துத் தீயைக் கூட்டும், உள்ளே பொருள் வெந்துவிடும். திரையில் செட்பாயிண்ட்டும் (நாம் கேட்ட வெப்பநிலை) அளவும் ஒட்டியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. வெட்டிய தெர்மோகப்பிளைக் கேமராவுக்கு அருகில் காட்டியது நல்ல காரியம். இந்தத் தொல்லையைத் தாங்குகிற 'என்' (N) டைப் தெர்மோகப்பிள் பற்றியும் சொல்கிறார்கள்.

நான்காவது வாரம் பிஐடி (PID) கட்டுப்பாடு, அதாவது கன்ட்ரோலர் பிழையைப் பார்த்துத் தீயைக் கூட்டிக் குறைக்கும் முறை, சுமாருக்குச் சற்று மேல். ஐந்தாவது வாரத்தில் மின் உலைகளும் இண்டக்ஷனும் (காந்தப்புலத்தால் உலோகத்தைச் சூடாக்குவது) வந்து போகின்றன.

என் பெரிய குறை கடைசி வாரத்தில் இருக்கிறது. பாதுகாப்பை ஒரே வாரத்தில், அதுவும் கடைசியில் தள்ளியிருக்கிறார்கள். பர்ஜ் கணக்கு, அதாவது உள்ளே தங்கிய கேஸைக் காற்றால் வெளியேற்றும் கணக்கு, இருக்கிறது: என்எஃப்பிஏ 86 என்ற அமெரிக்க உலைப் பாதுகாப்பு விதிப்படி பற்றவைக்கும் முன் உலை அறையின் கொள்ளளவைப் போல் குறைந்தது நான்கு மடங்கு புதுக்காற்று உள்ளே போயிருக்க வேண்டும். 10 கனமீட்டர் அறைக்கு நிமிடத்துக்கு 10 கனமீட்டர் காற்று தள்ளும் ப்ளோவர் என்றால் நான்கு நிமிடம். சரி, ஆனால் அந்த நான்கு நிமிடத்தைச் சுருக்க டைமரை யாரும் ஏன் தொடக்கூடாது, சுடர் இருக்கிறதா என்று கண்காணிக்கும் யுவி ஸ்கேனர் சுடரைப் பார்க்காதபோது அதை ஜம்பர் போட்டு (ஒயரால் ஏமாற்றி) ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் இரண்டு ஸ்லைடுதான். எரியாத கேஸ் நிறைந்த அறையில் ஒரு பொறி விழுந்தால் போவது மனித உயிர். இந்தப் பாடம் முதல் வாரத்தில் வந்திருக்க வேண்டும், இப்போது இருப்பதைவிட மூன்று மடங்கு நீளமாக.

இன்னொரு தொந்தரவு: கோர்ஸின் கணக்குகள் முழுவதும் பிடியூ என்ற வெப்ப அலகிலும் ஃபாரன்ஹீட்டிலும் இருக்கின்றன; மேலே தந்த எண்கள் நான் மாற்றியவை. 1 பிடியூ என்பது 1055 ஜூல். ஒரு மாற்று அட்டவணையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். வாரத் தேர்வுகள் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைதான். படிக்காமலே பாதி சொல்லிவிடலாம் என்பதால் அந்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். கேள்விப் பகுதியில் ஆசிரியர் தானே பதில் எழுதுகிறார், அதுவும் உலையின் விவரம் கேட்டு வாங்கிக்கொண்டு. அங்கே நிறையக் கேளுங்கள்.

சேருவதற்கு முன்பே உங்கள் உலையின் கேஸ் மீட்டர் அளவு, புகை வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு, ஒரு சார்ஜின் எடை, கதவு திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்தில் அவற்றைத் தேடி ஓடினால் வீட்டுப்பாடம் நின்றுவிடும். இண்டக்ஷன் உலை மட்டும் ஓட்டுபவர்கள் இதில் சேர வேண்டாம். மின்சாரத்தின் அலைவெண், உலோகத்துக்குள் அது ஊடுருவும் ஆழம், காயில் (சூடாக்கும் கம்பிச் சுருள்) வடிவமைப்பு எல்லாம் சேர்த்து ஒரே வகுப்புதான் இருக்கிறது, அது அவர்களுக்குப் போதாது.