படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்க: வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாகிராமா, ஃப்ளிக்கரா, மேஜைமேல் பிரிண்டா?

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிகாலையில் எடுத்த ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். மீன்கூடையோடு ஒரு பெண் நடந்து வருகிறார். படத்தில் அவர் முகம் கூர்மையில்லாமல் லேசாகக் கலங்கி விழுந்திருக்கிறது. கேமரா பிடித்த கை ஆடியிருந்தால் பின்னால் நிற்கும் படகின் கயிறும் சேர்ந்து கலங்கியிருக்கும். அவர் நடைக்கு ஷட்டர் வேகம் போதவில்லை என்றால் படகு பளிச்சென்று இருக்கும், அவர் மட்டும் இழுபட்டிருப்பார். ஃபோகஸ் தப்பியிருந்தால் அவருக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் ஏதாவது ஒன்று கூர்மையாக விழுந்திருக்கும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. எது என்று சொல்ல, பார்ப்பவருக்கு 100 சதவீத அளவில் படமும் எக்ஸிஃப் விவரமும் (ஷட்டர், லென்ஸ் முதலியவற்றைக் கேமரா கோப்பிலேயே எழுதிவைக்கும் குறிப்பு) வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போட்டால் இரண்டுமே போய்விடும். சாதாரணத் தரத்தில் நீளப்பக்கம் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்குகிறது, எக்ஸிஃப் கழன்றுவிடுகிறது. அமுக்கப்பட்ட படத்தில் தோல், மணல், வலை எல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். உடனே யாராவது “நாய்ஸ் ரிடக்‌ஷன் ஜாஸ்தி” என்பார். புள்ளிப்புள்ளியான நாய்ஸைக் குறைக்கும் அந்த வசதியை எடுத்தவரோ தொட்டிருக்கவே மாட்டார். 2023-இல் வந்த எச்டி தேர்வு பரவாயில்லை, ஆனாலும் அதுவும் அமுக்கத்தான் செய்கிறது. டாக்குமென்டாக அனுப்புவதுதான் சரி. மூலக் கோப்பு அப்படியே போகும். கூடவே எடுத்த இடத்தின் ஜிபிஎஸ்ஸும் போகும் என்பதால், வீட்டில் எடுத்த படங்களுக்கு முதலில் அதை நீக்கிவிடுங்கள். ஐபோன்காரர்கள் ஜேபெக்காக மாற்றி அனுப்பவும். ஐபோன் வழக்கமாகச் சேமிக்கும் ஹெய்க் கோப்பு பலருடைய கணினியில் திறக்காது.

வாட்ஸ்அப்பின் பலம் வேகம். ஒரே காட்சியின் ஐந்து ஃப்ரேம்களில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. பலவீனம், வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபடி பார்ப்பவர் “டார்க்கா இருக்கு” என்று எழுதுவது. அவர் பார்த்தது அவர் போன் திரையை.

இன்ஸ்டாகிராமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அகலம் 1,080 பிக்சல், எக்ஸிஃப் கிடையாது, இதயக்குறிகள் உண்டு. பார்வையாளரைச் சேர்க்க அது உதவும். குறை கேட்க அது இடமில்லை.

2004-இல் தொடங்கிய ஃப்ளிக்கர் இன்றைக்கும் தொழில்நுட்பக் கேள்விகளுக்கு நல்ல இடம். பெரிய அளவில் பார்க்கலாம். ஷட்டர், துளை (அபர்ச்சர்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), லென்ஸ் எல்லாம் படத்தின் கீழேயே தெரியும். மேலே சொன்ன படத்தில் 1/60 நொடி என்று இருந்து, படகு கூர்மையாகவும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது: 1/250-க்குப் போங்கள், ஐஎஸ்ஓ இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, ஏறட்டும், அந்த நாய்ஸைப் பொறுத்துக்கொள்ளலாம். இலவசக் கணக்கில் 1,000 படம் வரைதான். “அருமை” என்று மட்டும் எழுதும் பழக்கம் அங்கேயும் உண்டு. அதனால் கேள்வியைப் படத்தோடு எழுதுங்கள். “எப்படி இருக்கு?” என்றால் பாராட்டுதான் வரும். “முகம் ஏன் கலங்கியது?” என்றால் பதில் வரும்.

கம்போசிஷனுக்கு, அதாவது ஃப்ரேமுக்குள் எது எங்கே என்ற அமைப்புக்கு, மேஜைமேல் வைத்த பிரிண்டுக்கு இணையாக எதுவும் இல்லை. அந்தக் காசிமேட்டுப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. போனில் அது நகத்தளவு, யாரும் கவனிக்க மாட்டார்கள். 12×8 அங்குலப் பிரிண்டில் படத்திலேயே வெளிச்சமான இடம் அதுதான். கண் முகத்துக்குப் போகுமுன் அங்கே போய் நிற்கும். கறுப்பு சார்ட்டில் எல் வடிவத் துண்டு இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் எதிரெதிர் மூலையில் வைத்து, வலது துண்டை மெல்ல உள்ளே நகர்த்தினால், பெட்டி மறையும் இடத்தில் பெண்ணின் முன்னால் இருந்த நடக்கும் வழியும் சேர்ந்து அடைபடுவது தெரியும். ஆக, க்ராப் உதவாது. எடுக்கும்போதே இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து, அந்தப் பெட்டி அவர் உடலுக்குப் பின்னால் ஒளியும்படி நின்றிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலை கையோடு கொண்டுபோகக்கூடிய கருத்து இது.

12×8-க்கு 300 பிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3,600×2,400 பிக்சல் போதும், அதாவது 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். போன் படம் 4:3 என்பதால் 12 அங்குல அகலத்துக்கு உயரம் 9 வரும். பிரிண்ட் போடும் லேபில் சொல்லாவிட்டால் ஒரு அங்குலம் வெட்டுப்படும். “கட் பண்ணாம வெள்ளை பார்டர் விடுங்க, கலர் கரெக்‌ஷன் வேண்டாம்” என்று சொல்லிக் கொடுங்கள். கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் இருக்கட்டும்; அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல இடங்களில் நிறம் செத்து வரும். பிரிண்ட் இருட்டாக வந்தால் பெரும்பாலும் குற்றம் உங்கள் மானிட்டரின் அதிக வெளிச்சத்தில்தான். பளபளப்புத் தாளில் டியூப்லைட் கோடாக விழும், ஆகவே மேட் கேளுங்கள்.

புரொஜெக்டர், கூட்டம் இருபது பேருக்கு மேல் போனால் மட்டும். 1,920×1,080 திரையில் நெடுவாக்குப் படத்துக்கு உயரம் 1,080 பிக்சல்தான் கிடைக்கும். அறையில் விளக்கு எரிந்தால் நிழல் பகுதி மொத்தமும் சாம்பலாகிவிடும்; அதை வைத்து எக்ஸ்போஷரைக் குறை சொல்வது அநியாயம்.

மாதம் ஒருமுறை பிரிண்ட், இடையில் டாக்குமென்ட் மட்டும் அனுமதிக்கும் வாட்ஸ்அப் குழு, ஷட்டர் ஃபோகஸ் சந்தேகத்துக்கு ஃப்ளிக்கர் சுட்டி: எங்கள் தேர்வு இந்த வரிசைதான். ஆறேழு பேர், ஆளுக்கு மூன்று படம். முதல் இரண்டு நிமிடம் எடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. அன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது ஃப்ரேமுக்குள் இல்லை. மற்றவர்கள் கண் முதலில் எங்கே போனது, எது உறுத்துகிறது, எந்த ஒன்றை மாற்றலாம் என்று அந்த வரிசையில் சொல்லட்டும். கருத்தைப் பிரிண்டின் பின்னால் பால்பாயிண்டில் அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். ஒட்டுத்தாளில் எழுதிய பிறகு பின்புறம் ஒட்டுங்கள்.