பாக்கிப் பணம் கேட்க மின்னஞ்சலா, தபால் கடிதமா?

பில் போட்டு இரண்டு மாதமாகியும் பணம் வரவில்லை என்றால் முதலில் மின்னஞ்சல்தான். செலவில்லை, பில்லை அப்படியே இணைத்துவிடலாம், கணக்குப் பிரிவில் இருப்பவர் அன்றைக்கே பதில் போடவும் கூடும். ஆனால் தலைப்பில் வெறுமனே "நினைவூட்டல்" என்று போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். பில் எண், தேதி, தொகை மூன்றையும் அங்கேயே எழுதுங்கள்.

மின்னஞ்சலில் ஒரு வசதிக்கேடு உண்டு: "பார்க்கவே இல்லையே சார்" என்று சொல்லித் தப்பிக்கலாம். லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையுமாக ஸ்பீடு போஸ்ட்டில் போகும் கடிதத்துக்கு அந்தச் சாக்கு எடுபடாது. (2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.) ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

தபாலில் போவதாலேயே குரலை உயர்த்த வேண்டியதில்லை. "கடும் நடவடிக்கை எடுப்போம்" என்பதெல்லாம் வெத்து வேட்டு. உங்களுடையது உத்யம் பதிவுள்ள (அதாவது, மத்திய அரசின் சிறுதொழில் பதிவுள்ள) குறு, சிறு நிறுவனம் என்றால் இப்படி எழுதலாம்:

"2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு."

எனக்குச் சரியென்று படுவது: இரண்டு மின்னஞ்சல், அப்புறம் தபால். பழைய மின்னஞ்சல் தேதிகளைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். நெடுநாள் வாடிக்கையாளர் என்றால், தபாலில் போடும் முன் ஒரு போன்.