‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டார்கள்

கொலனோஸ்கோபிக்கு, அதாவது பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு நாள் குறித்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு நடந்தது. மனு விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

முந்தின நாள் இரவு பேதி மருந்துத் தூளை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, விடிய விடியக் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து, காலை ஏழரைக்கு வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தேன். வரவேற்பில் இருந்த பெண் நான்கு தாள்களை நீட்டி, பென்சிலால் போட்டிருந்த பெருக்கல் குறிகளைக் காட்டி, “இங்கே, இங்கே, இங்கே” என்றார். எல்லாம் ஆங்கிலம். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே, செவிலியர் புறங்கையில் வென்ஃப்ளான், அதாவது ரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றும் ஊசிக்குழாயைக் குத்தி மயக்க மருந்தை ஏற்றினார். கை தீயாக எரிந்தது. “எரிகிறது சிஸ்டர்” என்றேன். “அப்படித்தான் எரியும் அம்மா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.” மூடினேன். தூக்கம் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், ஊசி போட்ட இடம் அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்ததுபோலப் புடைத்திருந்தது.

அறையில் மருத்துவர், செவிலியர், ஓர் உதவியாளர், மூன்றே பேர். மயக்க மருத்துவர் என்று யாரும் இல்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். குழாய் உள்ளே போய்ச் சிறிது நேரத்தில், ஈரத் துணியை இரண்டு பேர் பிடித்துப் பிழிவார்களே, அப்படிப் பிழிந்தது வயிறு. “நிறுத்துங்கள் டாக்டர், நான் விழித்துத்தான் இருக்கிறேன்” என்றேன். “அசையாதீர்கள் அம்மா. எல்லோரும் தாங்கிக்கொள்கிறார்கள்.” சொல்லிவிட்டு உதவியாளரிடம், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். நான்குவழிச் சாலை ஓரத்தில் ஒரு மனையாம். சென்ட் ஒன்பது லட்சம் சொல்கிறார்களாம். எட்டரைக்கு முடித்துவிடலாமாம்.

நான்காவது முறை நான் அலறியபோது குழாயை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதியம் கையில் கிடைத்தவை இரண்டு. ஒன்று, 11,800 ரூபாய்க்கு ரசீது. அதில் மயக்க மருத்துவர் கட்டணம் 3,500. இன்னொன்று பரிசோதனை அறிக்கை. அதன் கடைசி வரி, நோயாளி ஒத்துழைக்காததால் பரிசோதனை முழுமை பெறவில்லை என்றது. வலியைவிட அந்த வரிதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது.

மக்கள் தொடர்பு அலுவலரிடம் போனேன். நல்ல பிள்ளை, தண்ணீரெல்லாம் கொடுத்தார். “மருந்து வேகத்தில் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும் அம்மா” என்றார். அந்த மருந்து உடம்பில் ஏறியிருந்தால் பெரும்பாலும் நடந்தது எதுவுமே நினைவில் நிற்காதாம். எனக்கோ சென்ட் விலை வரை நினைவிருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் பேச்சை மாற்றினார்.

வக்கீலாக இருக்கும் என் தம்பி மகள் சொன்ன யோசனை இது: “அத்தை, முதலில் ஃபைலை எழுதிக் கேளுங்கள், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.” மருத்துவ ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பித்தால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது. “சுருக்கம் மட்டும்தான் தருவோம்” என்றவர்கள், விதியைக் குறிப்பிட்டு எழுதி, விண்ணப்பத்தின் நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டதும், நான்காம் நாள் நகல் கொடுத்தார்கள். மயக்கப் பதிவுத் தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடித்துடிப்பு 76, 76, 76. ‘நோயாளி அமைதியாக உறங்கினார்’ என்று ஒரு குறிப்பு. கீழே புழு நெளிந்ததுபோல ஒரு கையெழுத்து. அமைதியாக உறங்கியவள் ஒத்துழைக்க மறுத்தது எப்படி? பிழை திருத்துகிறவள் கண்ணில் இது படாமல் போகுமா?

மயக்கம் இல்லாமலும் இந்தப் பரிசோதனையைச் செய்வதுண்டு. அதை முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டுச் செய்ய வேண்டும். மூன்று வாரம் கழித்து வேறோர் இடத்தில் மறுபடியும் அதே பேதி மருந்து, அதே பட்டினி. அங்கிருந்த மருத்துவர்தான் விளக்கினார். முன்பு வென்ஃப்ளான் ரத்தக்குழாயை விட்டு விலகியிருக்கிறது. மருந்து தோலுக்கடியிலேயே தேங்கிவிட்டது. குடலின் வளைவில் குழாய் சுருண்டுகொண்டால் வலிக்கும். கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நேராக்குவார்கள், உள்ளே விட்ட காற்றைக் குறைப்பார்கள், வயிற்றை அமுக்கிக் கொடுப்பார்கள், புரண்டு படுக்கச் சொல்வார்கள். நோயாளி வலிக்கிறது என்று சொல்வதே அதற்கான தகவல் என்றார். இங்கே செவிலியர் முதலில் வெறும் உப்புநீரை ஏற்றி, “எரிகிறதா அம்மா?” என்று குனிந்து கேட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, கையில் ஒரு டம்ளர் காபி.

உங்களுக்கு நடந்தால், வீக்கத்தை அன்றே தேதியோடு படம் எடுத்துவையுங்கள்; என்னிடம் அது இல்லாமல்போனது பெரிய குறை. போவதற்கு முன்னால், மயக்கம் கொடுக்கப்போவது யார் என்று பெயர் கேளுங்கள். பணம் கட்டிப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

மருத்துவமனை 3,500 ரூபாயைத் திருப்பித் தர முன்வந்தது. ‘சலுகை’ என்று எழுதிய வவுச்சர், கூடவே எனக்குப் புகார் எதுவும் இல்லை என்று ஒரு தாள், அதிலும் பென்சிலில் பெருக்கல் குறி. இந்த முறை முழுதும் படித்தேன், கையெழுத்துப் போடவில்லை. நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் பதிவுத் தபாலில் மூன்று பக்க மனு போயிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் அந்த மனையின் விலையையும் எழுதியிருக்கிறேன்.