கோப்ரா ரெப்ளிகாவுக்கு ரோல் பார்: வெல்டிங்கா, போல்ட்டா?

திருவொற்றியூர்ல நம்ம ஷெட்டுல ஒரு கோப்ரா ரெப்ளிகா நிக்குது, அந்தக் காலத்து ஏசி கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார பார்த்து செஞ்ச நகல். மேல ஃபைபர் பாடி, கீழ ஏணி மாதிரி இரும்புச் சட்டம் (லேடர் சேஸி), கூரை கிடையாது, கவுந்தா தலைக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கப்போறது சீட்டுக்குப் பின்னாடி நிக்கிற அந்த ஒத்த குழாய் வளையம், அதான் ரோல் பார், மட்டும்தான். போன வருஷம் அத மாத்துனேன், மாத்தும்போது யோசிச்சத எழுதுறேன்.

வண்டி கைக்கு வரும்போதே ஒரு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பார் இருந்துச்சு, கண்ணாடி மாதிரி பாலிஷ். ஒரு நாள் துடைக்கும்போது உச்சிய புடிச்சு ஆட்டுனா பின்னாடி பாடியும் சேர்ந்து அசையுது. தரையில விரிச்ச மேட்ட தூக்கிப் பார்த்தேன், பாரோட கால் ரெண்டும் வெறும் ஃபைபர் மேல நிக்குது, போல்ட்டுக்கு அடியில காசு சைசுல ஒரு வாஷர், அத சுத்தி பெயிண்ட்ல சிலந்தி வலை மாதிரி விரிசல். காசிமேட்டுல மீன்பிடி படகுக்கு ஃபைபர் ஒட்டுற அண்ணன் ஒருத்தர கூட்டினு வந்து காட்டுனேன். "தம்பி, நாங்க இன்ஜின் உக்கார்ற எடத்துல உள்ள கட்டை வெச்சுதான் போல்ட் போடுவோம், வெறும் ஃபைபர்ல போட்டா ஓட்டை பெருசாகினே போவும்"னாரு.

குழாயும் பத்தாது. அது விட்டம் 38 மிமீ, சுவர் 1.5 மிமீ. எஃப்ஐஏ, அதாவது உலக கார் ரேஸ் அமைப்பு, அதோட விதியில மெயின் வளையத்துக்கு குறைஞ்சது 45 மிமீ விட்டத்துக்கு 2.5 மிமீ சுவர், இல்லன்னா 50க்கு 2 மிமீ, அதுவும் தையல் இல்லாத சீம்லெஸ் குழாய். அளவ மட்டும் வெச்சு கணக்கு போட்டாலே பழைய பார் வளைவ தாங்குறது அதுல பாதி கூட வரல. எஸ்எஸ்னு சொல்லி நல்ல 304 கிரேடுக்கு பதிலா மட்டமான 202 குடுத்துட்டா எண்ணூர் காத்துக்கு அதுவும் பழுப்பேறும், காந்தம் வெச்சு பார்த்தும் 304ல இருந்து பிரிக்க முடியாது. இந்த பார் வேணாம், அவ்ளோதான்.

மிச்சம் ரெண்டு வழி. நல்ல சீம்லெஸ் குழாய வாங்கி சேஸியோட நேரா வெல்டு அடிக்கிறது, இல்லன்னா சேஸியில பிளேட்ட வெல்டு பண்ணி அது மேல பார போல்ட் போட்டு உக்கார வெக்கிறது. பட்டறையில எல்லாரும் வெல்டிங்தான் சொன்னாங்க. சுலபம், போல்ட் லூஸ் ஆகுமோன்னு பயம் இல்ல, எடையும் கம்மி. பலம்னு பார்த்தா ஒழுங்கா பண்ணா ரெண்டும் தாங்கும்.

நான் போல்ட் பக்கம் போனதுக்கு காரணம் பராமரிப்புதான். இந்த வண்டியில பார் கால் பாடியில ஓட்டை போட்டு அது வழியா கீழ சேஸிக்கு இறங்குது. வெல்டு அடிச்சிட்டா அப்புறம் பாடிய மேல தூக்கவே முடியாது, குழாய அறுக்கணும். பாடிய தூக்காம சேஸியோட பின் பக்கத்த முழுசா பார்க்க முடியாது. நம்ம ஊர்ல கடல் ரோட்டுக்கு அந்தப்பக்கம்தான், உப்பு ஈரம் ஃபைபருக்கும் இரும்புக்கும் நடுவுல போய் தங்கிடும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள பாரோட கால துரு அரிச்சிக்கினு வரும். கழட்டிப் பார்க்க முடியாத எடத்துல துரு புடிச்சா அது எவ்ளோ கெட்டிக் குழாயா இருந்தும் என்ன பிரயோஜனம்?

செம்புதாஸ் தெருவுல 45க்கு 2.5 சீம்லெஸ் வாங்குனேன். வளைக்கும்போது உள் பக்கம் சுருக்கம் விழக்கூடாது, வளைவோட ஆரம் குழாய் விட்டத்துல 3 மடங்காவது இருக்கணும். காலுக்கு அடியில 3 மிமீ பிளேட், 120 சதுர செமீக்கு குறையாம, காலுக்கு 3 போல்ட், எம்8 (8 மிமீ) போதும்னு விதி, நான் எம்10 போட்டேன். போல்ட் தலையில பலத்தோட கிரேடு 8.8ன்னு அச்சு இருக்கணும். பளபளப்புக்காக எஸ்எஸ் போல்ட் போடாதீங்க, சாதாரணமா கிடைக்கிற ஏ2-70 கிரேடு எஸ்எஸ் போல்ட் இழுவைய தாங்குறதுல 8.8 விட கம்மி. சேஸி பாக்ஸ் குழாய்க்குள்ள போல்ட் போவுதுன்னா உள்ள ஸ்லீவ், அதாவது போல்ட் நுழையிற சின்ன குழாய் துண்டு, வெச்சு வெல்டு பண்ணுங்க, இல்லன்னா டைட் பண்ணப் பண்ண குழாய் நசுங்கி போல்ட் லூஸ் ஆயிக்கினே இருக்கும்.

பின் ஸ்டே, அதாவது வளையத்துல இருந்து பின்னாடி சாஞ்சு இறங்குற முட்டுக் குழாய், இல்லாத வளையம் பின்னாடி மடங்கிடும், அந்த ஸ்டே செங்குத்துல இருந்து 30 டிகிரியாவது சாஞ்சு இறங்கணும். உயரம் ஹெல்மெட்டுக்கு மேல 2 இன்ச். ரோட்டுல ஹெல்மெட் இல்லாம ஓட்டுனா பார் மேல கெட்டி பேடிங் கட்டாயம், பெல்ட் போடலன்னா பாரே வேஸ்ட்டு.

குழாய்லயே கூடு கட்டுன டியூப் ஃப்ரேம் வண்டி, பாடி தகடெல்லாம் தனித்தனியா கழண்டு வரும்னா வெல்டிங்கே சரின்னு சொல்வேன். என் அனுபவம் இந்த ஒரு வண்டி, ஒரு மழைக்காலம், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல ரெண்டு நாள், அவ்ளோதான்.

மழை விட்டதும் ஜனவரியில எல்லா போல்ட்டையும் கழட்டுனேன். வலது கால் சுத்தம். இடது கால் பிளேட்டுக்கு அடியில விரல் நீளத்துக்கு ஆரஞ்சு கலர்ல ஒரு கோடு, தண்ணி வந்த வழி. தேய்ச்சு, ஜிங்க் பிரைமர் அடிச்சு, பாடி ஓட்டைய சுத்தி ரப்பர் வெச்சு திரும்ப மாட்டிட்டேன், அரை நாள் வேலை.