வில்லுக்கு ரெஸ்ட் மாட்டக் கொடுக்கிறவர்கள் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்

வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் வில் பழகும் தம்பிகள் அவசியம் படியுங்கள். போன மாதம் என் காம்பவுண்ட் வில்லுக்கு (இரு முனையிலும் உருளை வைத்த வில்) டிராப் அவே ரெஸ்ட் (அம்பைத் தாங்கி நின்று, விட்டதும் கீழே படுத்துவிடும் கவட்டை) மாட்டி, அம்பு நேராகப் போகும்படி டியூனும் செய்து தருவதாக ஒருவர் 3,500 ரூபாய் வாங்கினார். வெளிநாட்டில் வேட்டைக்கென்று செய்த வில்தான், ஆனால் இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம், நான் இலக்கு அட்டையில் மட்டும்தான் விடுகிறேன்.

"அண்ணே, ஒரு அம்பு பேப்பர்ல விட்டுக் காட்டுங்க" என்றேன். அம்பு நேராகப் பாய்கிறதா என்பது தாளில் விழும் கிழிசலிலேயே தெரிந்துவிடும். "நேத்தே பார்த்துட்டேன் தம்பி, இந்தா" என்று ஓட்டை விழுந்த தாள் ஒன்றை மடித்துக் கொடுத்தார். நம்பி வந்துவிட்டேன்.

முதல் நாளே அம்பு வாலாட்டிக்கொண்டு போனது. போன் போட்டால் "உன் பிடி சரியில்ல" என்கிறார். மூன்று வாரம் பிடியை மாற்றி மாற்றிப் பார்த்து, நாலு அம்பின் இறகு பிய்ந்ததுதான் மிச்சம். அப்புறம் ஒரு நாள் அந்தத் தாளை விரித்துப் பார்த்தால் வட்டமாக ஒரே துளை. வில்லிலிருந்து பாய்ந்த அம்பாக இருந்தால் துளையைச் சுற்றி இறகுகள் கீறிய மூன்று கோடு இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை, பேனாவால் குத்தியிருக்கிறார். வயிறு எரிந்தது.

எம்.சி. ரோட்டில் வாங்கிய வெட்டுத்துணியைக் கோணியில் திணித்துச் சுவரோரம் வைத்து, முன்னால் செய்தித்தாளைக் கட்டி, ஆறடி தள்ளி நின்று விட்டேன். வால் பக்கம் மேலே ஒரு அங்குலம் கிழிந்தது. தங்கையின் லிப்ஸ்டிக்கை ரெஸ்டின் கவட்டையில் தடவி இன்னொன்று விட்டேன், அடி இறகில் சிவப்புக் கோடு, அதாவது இறகு கவட்டையில் இடிக்கிறது! கவட்டையைத் தூக்கும் கயிற்றை வில்லின் கேபிளில் (நாணை இழுக்கும்போது கூடவே நகரும் துணைக் கயிறு) அவ்வளவு இழுத்துக் கட்டியிருந்ததால் நாணைப் பாதி இழுக்கும்போதே கவட்டை முழுதாக நின்றுவிடுகிறது. அது கடைசி ஓரிரு அங்குலத்தில்தான் முழுதாக எழ வேண்டும், அம்பை விட்டால் இறகு வருவதற்குள் படுத்துவிட வேண்டும்.

கயிற்றைத் தளர்த்தி நானே மறுபடி கட்டினேன், முடிச்சு நழுவாமல் இருக்க நுனியைத் தீயில் உருக்கிவிட்டேன். இப்போது துளையும் மூன்று கோடும் சுத்தமாக விழுகின்றன.

பணத்தைக் கேட்டால் போனை எடுப்பதில்லை. பில்லும் தரவில்லை, அதைக் கேட்டு வாங்காதது என் தப்பு. ஜிபே ரசீதையும் அந்தத் தாளையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கொடுப்பதாக இருந்தால், உங்கள் அம்பை உங்கள் கண் முன்னால் பேப்பரில் விட்ட பிறகு காசை எடுங்கள்.